கால்கரியில் முதல் ரைஃபிள்: எந்த காலிபர் வாங்கலாம்?

தம்பி, சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து கனடாவின் கால்கரி வந்த கையோடு ரைஃபிள் கிளப்பில் சேரப் போகிறீர்கள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். குறி பார்த்துச் சுட எந்த காலிபர் (அதாவது குண்டின் அளவு, தோட்டா வகை) நல்லது, வேலையிடத்தில் .300 வின்செஸ்டர் மேக்னம்தான் வாங்கச் சொல்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்கு ஏற்காடு வந்திருக்கிறேன், இங்கிருந்தே எழுதுகிறேன்.

மேக்னம் வேண்டாம். அது மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்களுக்கு ஆகும். சுடும்போது, 6.5 கிரீட்மோர் என்ற காலிபரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தோளில் உதைக்கும். புதிதாகச் சுடுகிறவர் அந்த உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுத்துவிடுவார். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவது கஷ்டம்.

முதலில் .22 எல்ஆர் என்ற சின்ன காலிபர் ரைஃபிள் வாங்குங்கள். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டியே இதில்தான். தோட்டாவில் 'ஹை வெலாசிட்டி' என்று போட்டிருந்தால் எடுக்காதீர்கள். அந்தக் குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும், அப்போது ஆடிப்போகும். போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் நொடிக்கு 330 மீட்டருக்குள்தான் கிளம்பும், அதனால் இந்தச் சிக்கல் வராது. ஒவ்வொரு பேரலுக்கும் (துப்பாக்கிக் குழலுக்கும்) பிடித்த தோட்டா வேறு. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ, அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்கிவிடுங்கள்.

அடுத்த ரைஃபிளுக்கு, கிளப்பின் ரேஞ்ச் (சுடும் தளம்) எத்தனை மீட்டர் என்று முதலில் கேளுங்கள். 300 வரை .223 ரெமிங்டன் தாராளம். 500-ஐத் தாண்டினால் 6.5 கிரீட்மோர்: நீண்டு மெலிந்த குண்டு, காற்று அவ்வளவாகத் தள்ளாது. .308 இன்னும் அதிகம் உதைக்கும், ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது தளர்ந்தும் விடும். ஆனால் அதன் பேரல்தான் அதிக நாள் உழைக்கும்.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். சேலம் டவுன் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500. இங்கே காற்று பத்தில் ஒரு பங்கு லேசு. 500 மீட்டருக்குச் சுட்டால், கீழே ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) சரிபார்த்து வைத்த ரைஃபிளின் குண்டு இங்கே சற்று மேலே படும். கால்கரி சுமார் 1050 மீட்டரில் இருக்கிறது. ஆனால் ஜனவரி மைனஸ் 20-இல் காற்று கனத்துவிடும், தோட்டாவின் வெடிமருந்து எரியும் வேகமும் குறையும். குண்டு தாழ விழும். கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

அங்கே துப்பாக்கி உரிமத்துக்குக் குடியுரிமை தேவையில்லை. பாதுகாப்புப் பாடம், தேர்வு, உங்களைத் தெரிந்த இரண்டு பேர், அப்புறம் முதல்முறை என்பதால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு.

இன்னொன்று. ஊருக்கு வரும்போது, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைத் தயவுசெய்து எடுத்து வராதீர்கள். அதன் மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் நம் விமான நிலையத்தில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டுவிடுவார்கள்.