கடலடி எரிமலைக் கூம்புக்கு அருகே ஆழ்கடல் கலம் போனால் உருகிவிடாதா? உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டு எப்படி ஆராய்கிறார்கள்?

உருகாது. எரிகுழம்பு 1,100 முதல் 1,200 டிகிரி சூட்டில் வெளியே வந்தாலும், கடல்நீர் பட்ட சில நொடிகளிலேயே அதன் மேல்தோல் கறுத்துக் கண்ணாடியாக இறுகிவிடும். உள்ளே செந்தணலாக இருக்கும்போதே ஒரு மீட்டர் தள்ளியுள்ள தண்ணீர் சில டிகிரிதான் ஏறியிருக்கும். ஆழமும் கைகொடுக்கிறது. 1,300 மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 130 வளிமண்டலம். அங்கே தண்ணீர் 330 டிகிரி வரை கொதிக்காது என்பதால் நீராவி வெடிப்புகளும் அடங்கியே இருக்கும்.

இந்த வேலையில் பயப்பட வேண்டியவை வேறு. என் வரிசைப்படி முதலாவது கலத்தைக் கடலில் இறக்குவதும் ஏற்றுவதும், இரண்டாவது நிலையில்லாத சரிவு, மூன்றாவதுதான் ஜன்னலில் படும் வெந்நீர்.

பொதுவாகச் சொன்னால் விளங்காது, ஓர் இடத்தை வைத்துச் சொல்கிறேன். ஹவாயின் பெரிய தீவுக்குத் தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் ஒரு கடலடி எரிமலை இருக்கிறது. நெடுங்காலம் லோயிஹி என்று அழைத்தார்கள். 2021 முதல் அதிகாரப்பூர்வப் பெயர் காமஎஹுவகனலோவா. உச்சி கடல்மட்டத்துக்கு 975 மீட்டர் கீழே. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கடலடி ஆய்வுக்கூடம் பைசீஸ்-5 என்ற கலத்தில் இங்கே பலமுறை இறங்கியது. உள்விட்டம் ஏறத்தாழ 2.1 மீட்டர் கொண்ட எஃகுக் கோளம், அதற்குள் ஒரு பைலட், இரண்டு ஆய்வாளர்கள். ஆழ வரம்பு 2,000 மீட்டர்.

இறங்குவதற்கு முன்பே பாதி வேலை வரைபடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஒலி அலையால் கடல்தரையை அளக்கும் கப்பலின் பல்கற்றை சோனார் அனுப்பும் ஒவ்வொரு கற்றையும் ஒரு டிகிரி அகலம் என்றால், 1,300 மீட்டர் ஆழத்தில் அது தரையில் 23 மீட்டர் அகலத்தை மூடும். அதைவிடச் சின்னதாக எது இருந்தாலும், ஊசிப்பாறையோ, பிளவோ, புகைக்குழாய் போன்ற கனிமத் தூணோ, படத்தில் தெரியாது. படத்தில் வழவழப்பாகத் தெரிகிற சரிவில் பத்து மீட்டர் உயரப் பாறை நிற்கலாம். கையில் பணம் இருந்தால் தானியங்கி ஆளில்லாக் கலத்தை முதலில் விட்டு, தரையிலிருந்து 50 மீட்டர் உயரத்தில் ஓடவைத்து, ஒரு மீட்டர் துல்லியத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆள் போகும் கலத்துக்கு அந்தப் படத்தைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

இனி இறக்குவது. ஆழ்கடல் கலங்களுக்கு நேர்ந்த பெரிய விபத்துகளில் இரண்டு கடல்மட்டத்தில்தான் தொடங்கின. 1968-இல் ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வுக் கலத்தை இறக்கும்போது தொட்டிலின் கேபிள்கள் அறுந்தன. மேல்கதவு திறந்திருந்ததால் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள், கலம் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டுதான் மீட்டார்கள். 1973-இல் அயர்லாந்துக்கு அருகே பைசீஸ்-3 வேலையை முடித்து மேலே வந்து, இழுத்துக்கட்டும் நேரத்தில் கயிறு சிக்கி, இயந்திரங்கள் இருக்கும் பின்பக்க அறையின் கதவைப் பிடுங்கியது. சுமார் 480 மீட்டரில் போய் விழுந்தது. உள்ளே இருந்த இருவரையும் 76 மணி நேரம் கழித்து உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். அந்த மீட்புக்கு விமானத்தில் கொண்டுவந்த கலங்களில் ஒன்று இதே பைசீஸ்-5. பிற்பாடு ஹவாயில் பைசீஸ்-4, பைசீஸ்-5 இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்று மாட்டினால் மற்றொன்று போகலாம் என்று ஏற்பாடு செய்ததில் அர்த்தம் இருக்கிறது.

தொட்டிகளில் நீர் நிரப்பியதும் கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்ற கணக்கில் தானாக இறங்கும். மோட்டாரை ஓட்டி மின்சாரத்தை வீணடிப்பதில்லை. 1,300 மீட்டருக்கு முக்கால் மணி நேரம். வெளியே 3, 4 டிகிரி குளிர், உள்ளே மூன்று பேரின் மூச்சு. கோளத்தின் உட்சுவரில் வியர்த்து நீர் சொட்டும், ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. ஆக்சிஜனை ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டால் மூன்று பேருக்கு எட்டு மணி நேரத்துக்கு 720 லிட்டர். சிலிண்டரில் அடைத்தால் பெரிய விஷயமே இல்லை. கவனம் வேண்டியது கார்பன் டை ஆக்சைடில். அதை உறிஞ்சும் சோடா லைம் பெட்டியின் விசிறி நின்றால் முதலில் தலைவலி, பிறகு தவறான முடிவுகள். அரை சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஆக்சிஜன் 19-க்குக் கீழே போனாலும் 23-க்கு மேலே ஏறினாலும் உடனே சரிசெய்ய வேண்டும். ஏறினால் தீ ஆபத்து.

கீழே ஜிபிஎஸ் கிடையாது, ரேடியோவும் எடுபடாது. கப்பலோடு பேசுவது ஒலி அலைத் தொலைபேசியில். ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் ஓடுவதால் ஒரு வாக்கியம் மேலே போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு நொடி. பாறைச் சுவருக்குப் பின்னால் போய்விட்டால் குரல் எதிரொலித்துக் குழம்பும், சில சமயம் அற்றே போகும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டும், பேச்சு அற்றால் எவ்வளவு நேரம் பொறுத்து மேலே கிளம்ப வேண்டும் என்பதைக் கப்பலிலேயே எழுதி வைத்துக்கொள்வது இதனால்தான்.

தரைக்கு 50 மீட்டர் இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, எடையைச் சமன்செய்து, மிதக்கவும் மூழ்கவும் செய்யாத நிலைக்குக் கொண்டுவருவார்கள். இறங்கும் இடம் உச்சி அல்ல. கூம்பின் அடிவாரத்துக்கு நூறு, இருநூறு மீட்டர் வெளியே.

இந்த வேலையின் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: எப்போதும் கீழிருந்து மேலே ஏறு. ஜன்னல்கள் முன்பக்கம் இருக்கின்றன; ஏறும்போது சரிவு கண்ணுக்கு எதிரே இருக்கும், இறங்கும்போது வயிற்றுக்குக் கீழே மறைந்துவிடும். விளக்கு போட்டாலும் நன்றாகத் தெரிவது பத்துப் பதினைந்து மீட்டர்தான். இறங்கினால் உந்துவிசிறி கிளப்பும் தூளும் நம்மோடு சேர்ந்து இறங்கி ஜன்னலை மறைக்கும்; ஏறினால் அது பின்னால் தங்கிவிடும். இதெல்லாவற்றையும்விட முக்கியம், கூம்பு என்பது உறுதியான பாறை அல்ல. உருண்டை உருண்டையாக வழிந்து இறுகிய தலையணை எரிகுழம்பு, அது உடைந்த சில்லுகள், கண்ணாடி மணல் எல்லாம் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும் குவியல். அந்தச் சாய்வுக்கு மேல் ஒரு கல்லைத் தட்டினாலும் சரியும். சரிந்தால் நாம் அதற்குக் கீழே நிற்கக் கூடாது. ஆகவே நேர்மேலே ஏறாமல் குறுக்காக, சாய்ந்த கோட்டில் ஏறுவார்கள்.

சரிவு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு லோயிஹியே சாட்சி. 1996 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே 4,000-க்கும் மேற்பட்ட நிலநடுக்கங்கள் பதிவாயின. அதற்கு முன் 30 டிகிரி வெந்நீர் கசிந்துகொண்டிருந்த பெலே ஊற்று இருந்த இடம் அப்படியே உள்ளே இடிந்து, சுமார் 600 மீட்டர் அகலமும் 300 மீட்டர் ஆழமும் கொண்ட குழியானது. ஆகஸ்டிலேயே பைசீஸ்-5 இறங்கியபோது, பெயர்ந்த கனிமத் தூளும் மிதக்கும் பாக்டீரியாப் படலங்களும் தண்ணீரைக் கலக்கியிருந்தன. முந்தைய வரைபடம் அங்கே பயன்படவில்லை. புதிய குழியில் பிற்பாடு 200 டிகிரி வரை வெந்நீர் அளந்தார்கள். மேற்குப் பசிபிக்கில் மரியானா வளைவு என்ற எரிமலைத் தொடரிலுள்ள என்டபிள்யூ ரோட்டா-1 எரிமலையிலும் 2009 ஆகஸ்டில் தெற்குச் சரிவு பெரிய அளவில் பெயர்ந்து போனது.

பிளவுகள் தனி ஆபத்து. 1974-இல் அட்லாண்டிக் நடுமலைத்தொடரில் ஆல்வின் ஒரு குறுகிய பிளவுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் மெல்ல அசைத்து அசைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். கலத்தின் அகலத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி இல்லாத இடத்துக்குள் மூக்கை நுழைக்காமல் இருப்பது நல்லது. கூம்புகளின் உச்சியில் அறுந்த மீன்பிடிக் கயிறுகளும் கிடக்கும். விசிறியில் சுற்றினால் மீள்வது கடினம்.

இப்போது சூடு. கலத்தில் சூட்டுக்குப் பலவீனமான இடம் அக்ரிலிக் ஜன்னல். 100 டிகிரியை நெருங்கும்போது அது இளகத் தொடங்கும். அதற்கு வெகு முன்பே அதன் வலு குறைந்துவிடும். 1979-இல் கிழக்குப் பசிபிக் மலைத்தொடரில், 21 டிகிரி வட அட்சரேகையில், ஆல்வின் முதன்முதலாகக் கரும்புகை கக்கும் தூண்களைக் கண்டது. வெப்பமானியை உள்ளே விட்டார்கள். அதன் பிளாஸ்டிக் தண்டு உருகிப்போய் வந்தது. பிறகு தகுந்த கருவியோடு அளந்தபோது 350 டிகிரிக்கும் மேல். ஜன்னலை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோயிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்கும். அதனால் இன்றைய வழக்கம்: நீரோட்டம் எந்தப் பக்கம் என்று மிதக்கும் துகள்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஊற்றுக்கு மேல்நீரோட்டப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ நிறுத்து, ஊற்றின் நேர்மேலே ஒருபோதும் மிதக்காதே, வெளியே ஒரு வெப்பமானி எப்போதும் ஓடட்டும்.

எல்லா எரிமலையும் வெந்நீரை மட்டும் கக்குவதில்லை. அதே மரியானா வளைவின் என்டபிள்யூ ஐஃபுகு எரிமலையில் 1,600 மீட்டரில் திரவ கார்பன் டை ஆக்சைடு துளித்துளியாக வரும். 2004-இல் ஆளில்லாக் கலத்தின் அடியில் அது கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டது. கடல்நீரைவிட லேசான பொருள் என்பதால் ஒட்டிய அளவுக்குக் கலம் மேலே தூக்கும். அங்குள்ள டைகோகு எரிமலையில் 2006-இல் 187 டிகிரி சூட்டில் உருகிய கந்தகக் குட்டையையே கண்டார்கள்.

மாதிரி எடுப்பதில் எடைக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 40 கிலோ எரிமலைப் பாறை தண்ணீருக்குள் சுமார் 25 கிலோ கனம். கூடையில் ஒவ்வொரு கல்லும் ஏற ஏறக் கலம் மூழ்கப் பார்க்கும். அதற்கேற்ப எடைத் தொட்டியிலிருந்து நீரை வெளியேற்ற வேண்டும். இயந்திரக் கையால் தலையணை உருண்டையின் முனையை, கண்ணாடித் தோல் இருக்கும் பக்கமாக ஒடிப்பார்கள். வேதியியலுக்கு அந்தத் தோல்தான் வேண்டும். உள்பாறையில் படிகம் வளர்ந்து கலவை மாறியிருக்கும். கூடையில் தடுப்பறைகள் இல்லாவிட்டால் மேலே வரும்போது எந்தக் கல் எந்த இடம் என்று தெரியாது, எடுத்த வேலை வீண். கண்ணாடி மணலுக்குக் குழாய் மாதிரி சரிப்படாது, வெளியே இழுக்கும்போதே உதிர்ந்துவிடும். சுருக்குப்பை வைத்த கரண்டி நல்லது.

லோயிஹியின் ஊற்றுகளைச் சுற்றி ஆரஞ்சு நிறப் படலம் கணுக்காலளவு படர்ந்திருக்கும். இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாவின் வேலை. போர்வெல் தண்ணீர்த் தொட்டியின் அடியில் படியும் செங்கசடும் இதே இரும்புத் துருதான். தொட்டாலே கலைந்துவிடும், கையால் அள்ள முடியாது. மெதுவாக ஓடும் உறிஞ்சுகுழாய் வேண்டும். முதலில் படலம், அப்புறம் தண்ணீர், கடைசியில் பாறை என்ற வரிசையை மாற்றினால் கலங்கியதைத்தான் பிடிப்பீர்கள். ஊற்று நீரைக் காற்றுப்புகா டைட்டானியக் குப்பியில் பிடிப்பார்கள். அது எவ்வளவு தூயது என்று சொல்ல மக்னீசியம் ஒன்றே போதும். கடல்நீரில் கிலோவுக்கு 53 மில்லிமோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) இருக்கும், கலப்பில்லாத சூட்டு நீரில் பூஜ்யம். குப்பியில் 26 காட்டினால் பாதி கடல்நீரைத்தான் பிடித்து வந்திருக்கிறீர்கள்.

வெடித்துக்கொண்டிருக்கும் கூம்புக்கு ஆளை அனுப்பலாமா? கூடாது என்பதே என் கருத்து. 2009-இல் டோங்காவுக்கு அருகே மேற்கு மாட்டாவில், 1,200 மீட்டரில் எரிகுழம்பு சிவந்து வழிவதை கப்பலோடு கேபிளால் இணைந்த ஜேசன் என்ற ஆளில்லாக் கலம்தான் பக்கத்தில் நின்று படம்பிடித்தது. கேபிள் இருந்தால் மின்சாரம் தீராது, நாள்கணக்கில் நிற்கலாம், புதைந்தாலும் போவது இயந்திரம். ஆழம் குறைந்த கூம்பென்றால் கப்பலுக்கே ஆபத்து: 1952-இல் ஜப்பானின் மியோஜின் வெடிப்பை ஆராயப் போன ஐந்தாம் கையோ மாரு கப்பல் 31 பேரோடு அழிந்தது. ஆள் போவதன் பலன் அமைதியான கூம்பில்தான். மூன்று ஜன்னலிலும் மூன்று ஜோடிக் கண்கள் இருந்தால் எந்தப் படுகை எதன்மேல் படிந்தது என்பது கேமராவைவிட வேகமாகப் பிடிபடும்.

இந்தியாவிலும் இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா-6000 மூன்று பேர் போகும் கலம். 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியக் கோளம், உள்விட்டம் 2.1 மீட்டர், வழக்கமாக 12 மணி நேரம், அவசரத்துக்கு 96 மணி நேரம் தாங்கும் வடிவமைப்பு. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதித்தார்கள். 6,000 மீட்டருக்குப் போனால் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்ற கணக்கிலும் போகவர ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். அந்தமான் கடலின் பாரன் (Barren) தீவு எரிமலையோ 2,000 மீட்டருக்கும் கீழிருந்து எழும்பி, உச்சி மட்டும் தண்ணீருக்கு வெளியே 354 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மூழ்கிய சரிவுகளில் 1,500 மீட்டருக்கு இறங்கினால் போகவர ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிதான். அடியில் வேலை செய்யப் பத்து மணி நேரம் மிச்சம்.