சிவப்பு மாத்திரை போதுமா?

வாசகியர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், பத்தாவது வாரம் நடக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். நான் காட்டும் தனியார் மருத்துவமனையில் மல்டிவைட்டமின் மாத்திரை, டி.ஹெச்.ஏ. மாத்திரை, புரதப் பவுடர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. எங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரோ, இப்போதைக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் போதும், நான்காம் மாதத்திலிருந்து சிவப்பு மாத்திரை தருகிறேன் என்கிறார். இலவச மாத்திரையில் சத்தே இருக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். குறைந்த விலையில் நல்ல மாத்திரையை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: செவிலியர் சொன்னதுதான் சரி. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் தேவைப்படும் ஒரே மாத்திரை ஃபோலிக் ஆசிட். உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டு அல்லது மூளை வளர்ச்சிக் குறைபாடு இருந்தவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள், ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் மருத்துவர் அதிக அளவில், பெரும்பாலும் 5 மில்லிகிராம், எழுதுவார். இவை இரண்டுமே விலை மிகக் குறைந்த மாத்திரைகள்.

நான்காம் மாதம் தொடங்கியதும் இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்கின்றன. 2018இல் தொடங்கிய இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தின்படி தரப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் உள்ளன. தினம் ஒன்று வீதம் கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாளும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாளும் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரை 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு. அதிலேயே வைட்டமின் டி-யும் கலந்திருக்கும். இலவசம் என்பதால் சத்து குறைந்துவிடாது. இம்மாத்திரைகளைக் கொள்முதல் செய்யும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, அவை தேறிய பிறகுதான் மருத்துவமனைகளுக்கு விநியோகிக்கிறது.

இனி, அந்த விலை கூடிய மாத்திரைக்கு வருவோம். பரிசோதனைக்கு வரும் பெண்கள் மஞ்சள் பையோடு மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் கொட்டும்போது, அட்டையின் முன்பக்கத்தில் உள்ள தாய், சேய் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் நான் முதலில் படிப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி.’ என்று இருந்தால் உடலுக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு 200 மில்லிகிராம் என்று பொருளல்ல. ஃபெரஸ் ஃபியூமரேட் என்பது இரும்பு கலந்த ஒரு வேதியுப்பு. அதில் மூன்றில் ஒரு பங்கே, அதாவது சுமார் 65 மில்லிகிராமே, இரும்பு. கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்றால் கால்சியம் 500 மில்லிகிராம். உப்பில் உள்ள இரும்பை அல்லது கால்சியத்தை மட்டும் குறிக்கும் ‘எலிமெண்டல்’ என்ற சொல்லுக்கு அருகில் உள்ள எண்ணை வைத்துத்தான் இரண்டு மாத்திரைகளை ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ‘எல்லாம் ஒரே மாத்திரையில்’ என்ற விளம்பரம் ஏன் நடவாத காரியம் என்பது புரியும். 500 மில்லிகிராம் கால்சியத்துக்கே 1,250 மில்லிகிராம் சுண்ணாம்பு உப்பு வேண்டும். அதுவே விழுங்குவதற்குச் சிரமமான பெரிய மாத்திரை. அதற்குள் இருபது சத்துகளைத் திணித்தால் கால்சியம் பெயரளவுக்கே இருக்கும். போதாததற்கு, கால்சியம் பக்கத்தில் இருந்தால் இரும்பைக் குடல் சரியாக உறிஞ்சாது. ஆகவே மல்டிவைட்டமின் சாப்பிடுபவருக்கும் இரும்பையும் கால்சியத்தையும் தனித்தனியாக எழுத வேண்டித்தான் வருகிறது, செலவு இரண்டாகிறது.

மல்டிவைட்டமினே வீண் என்று நான் சொல்லவில்லை. ஊட்டச்சத்துக் குறைபாடு மிகுந்த நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இரும்பும் ஃபோலிக் ஆசிட்டும் உள்ளிட்ட 15 நுண்சத்துகள் கொண்ட மாத்திரையைச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறப்பது சற்றுக் குறைந்திருக்கிறது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை ஆய்வுச் சூழலில் மட்டுமே பரிந்துரைத்தது. அந்த மாத்திரையில் இரும்பு 30 மில்லிகிராம். உங்கள் செவிலியர் தரும் சிவப்பு மாத்திரையில் இருப்பதில் பாதி. இரத்தசோகை மலிந்த நம் ஊரில் இந்த வித்தியாசத்தை அலட்சியப்படுத்த முடியாது.

கூடுதலாக ஏதேனும் வேண்டியிருந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். முட்டையும் மீனும் தொடாத, பாலும் அதிகம் குடிக்காத பெண்ணுக்கு வைட்டமின் பி12 தேவைப்படலாம். ஃபோலிக் ஆசிட்டை மட்டும் சாப்பிட்டால் பி12 குறைபாட்டால் வரும் சோகை வெளியே தெரியாமல் போகவும் கூடும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரும்பின் அளவு மாறும். அயோடினுக்கு, அயோடின் கலந்த உப்பைச் சமையலில் சேர்த்தாலே பெரும்பாலும் போதும். டி.ஹெச்.ஏ. என்பது மீன் கொழுப்பு. மத்தியோ நெத்திலியோ வாரம் இருமுறை குழம்பில் சேர்ந்தால் அது கிடைத்துவிடும். புரதப் பவுடரைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. அதற்குக் கொடுக்கும் பணத்தில் தினம் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் மாதம் முழுவதும் சாப்பிட்டு மீதியும் பார்க்கலாம். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமாவு வேறு இருக்கிறது. அதை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிடாமல் நீங்களே சாப்பிடுங்கள்.

மல்டிவைட்டமின்தான் வேண்டும் என்று உங்கள் மருத்துவர் கருதினால், நிறுவனப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ அந்தச் சீட்டைக் காட்டி விசாரியுங்கள். வாங்கும்போது அட்டையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்னும் பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உணவாக விற்கப்படுவது. மருந்தாக உரிமம் பெற்றதன்று. மருத்துவரே எழுதிய சீட்டிலும் இப்படிப்பட்டவை இடம்பெறுவதுண்டு.

ஓர் எச்சரிக்கை. மல்டிவைட்டமின், சத்துப் பவுடர், மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வைட்டமின் ஏ, ரெட்டினால் வடிவில் நாளொன்றுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவில் உள்ள குழந்தைக்கு ஊனம் ஏற்படக்கூடும். கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் கரோட்டின் என்ற சத்தால் அந்த ஆபத்து இல்லை. அதேபோல, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் வரும். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதா, மாற்றிக் குடிப்பதா என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மருமகளுக்கு ஐந்தாம் மாதம். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டாள். குழந்தையும் கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறு மாத்திரை வாங்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: குழந்தையின் நிறம் தாய் தகப்பன் வழியாக வருவது, மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலம் கறுப்பாவது, குடலில் தங்கிய இரும்பு வெளியேறுவதன் அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டலுக்கு, மாத்திரையை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பாருங்கள். வெறும் வயிற்றில் இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் அது ஒத்துக்கொள்ளாதவர்கள், இரவு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றுடன் விழுங்கிவிட்டுப் படுத்துவிடலாம். கால்சியம் மாத்திரையைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும். மாத்திரையைக் காபி, டீயுடன் விழுங்கும் பழக்கம் இருந்தால் அதை அவசியம் நிறுத்த வேண்டும். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால், அதற்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி நிற்காவிட்டால் மருத்துவர் வேறு இரும்பு உப்பை எழுதுவார். தேவையானால் ஊசி வழியாகவும் ஏற்றலாம். சொல்லாமல் நிறுத்திவிட்டு அட்டைகளை அரிசி டப்பாவுக்குள் சேர்த்து வைப்பதுதான் கூடாது. அப்படி ஒரு வீட்டில் எட்டாம் மாதத்தில் பதினோரு அட்டைகளை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் அப்போது ஏழு.

கேள்வி: எனக்குத் திருமணமாகி இரண்டு மாதம் ஆகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரை தொடங்கினால் போதாதா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: போதாது. பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் குழல், கரு உருவான சுமார் 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்குத்தான் ஃபோலிக் ஆசிட் தேவை. மாதவிடாய் இரண்டு வாரம் தள்ளிப்போய், பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு பார்க்கும் நேரத்தில் அந்த வேலை முடிந்திருக்கும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் மாத்திரையை இன்றைக்கே தொடங்குங்கள்.