அம்மா வீட்டில்தானே இருப்பார்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. மும்பையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. கையில் வருவது 48,000. சயான் கோலிவாடாவில் ஒரு அறைக்கும் சமையலறைக்கும் வாடகை 24,000 கேட்கிறார்கள். பத்லாப்பூரில் 9,000க்கே பால்கனி வைத்த ஒன் பிஎச்கே கிடைக்கிறது. தினமும் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், சமாளித்துவிடுவேன். பத்லாப்பூருக்கு மெட்ரோ வரப்போகிறது, லோன் போட்டு அங்கேயே வாங்கிவிடுங்கள் என்கிறார் புரோக்கர். அம்மாவும் என்னோடு வருகிறார். முழங்கால் வலி உண்டு, ஆனால் அவர் வீட்டில்தானே இருப்பார். எந்த வீட்டை எடுக்கலாம்?

இசக்கிமுத்து

அன்புள்ள இசக்கிமுத்து,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் சயான் ஸ்டேஷன் படியில் எனக்கு முன்னால் ஒரு அம்மாள் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு படிக்கு ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்து நின்றார். பின்னாலிருந்த கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போனது. அந்த முகம் மனதில் இருக்கும்போதுதான் உங்கள் கடைசி வரியைப் படித்தேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். நான்கு மாத வேலையை நம்பி லோன் போடாதீர்கள். மெட்ரோ பேச்சையும் விடுங்கள். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர் ஓடுகிற மூன்றாம் தடம், முதல் துண்டு திறந்தது 2024 அக்டோபரில், முழுக்கத் திறந்தது 2025 அக்டோபரில். அதற்கு முன் எத்தனை வருடம் தோண்டிப் போட்டிருந்தார்கள் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்லாப்பூர் தடம் இன்னும் திட்டத்தில்தான் இருக்கிறது. வராத ரயிலுக்காக வீடு பிடிக்கக் கூடாது.

உங்கள் பயணம் பற்றி ஒன்றே ஒன்று. பத்லாப்பூர் போகும் வழியில் கல்யாண் ஸ்டேஷனில் ரயில் தடம் இரண்டாகப் பிரிகிறது, அதைத் தாண்டினால் வண்டி குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும் என்று எல்லோரும் வாசலில் தொங்குகிறார்கள். 2025 ஜூனில் மும்ப்ரா வளைவில் அப்படித் தொங்கியவர்கள் விழுந்து செத்தார்கள். எங்கே வீடு எடுத்தாலும் சரி, வாசலில் மட்டும் தொங்காதீர்கள். போகிற வண்டி போகட்டும்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன். "வீட்டில்தானே இருப்பார்" என்று எப்படித் தம்பி எழுத மனது வந்தது? தென்காசியில் அவர் வீட்டிலா இருக்கிறார்? கோயிலுக்கும் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் அக்கா தங்கை வீட்டுக்கும் அவரை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வேண்டும் என்பதை எல்லோரும் ஆபீஸ் போகிறவனின் கணக்காகவே பேசுகிறார்கள். ஆபீஸ் போகிறவன் எப்படியாவது போய்விடுவான். அவனுக்குச் சம்பளம் இருக்கிறது, பாஷை இருக்கிறது, போனில் வழி இருக்கிறது. பக்கத்தில் ஸ்டேஷனும் கடையும் இல்லையென்றால் முடங்கிப்போவது பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர்தான்.

நாங்கள் தாராவியில் இருந்தோம். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு அம்மா நடந்தே போவாள். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா. அங்கே மார்க்கெட்டில் மல்லிகைப்பூவும் வாழை இலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவாள். காய்ச்சல் என்றால் சயான் ஆஸ்பத்திரி. ஹிந்தி ஒரு வார்த்தை வராது, ஆனால் அந்த வட்டத்துக்குள் தேவையும் படவில்லை.

1988இல் அப்பா டோம்பிவிலி கிழக்கில் வீடு பார்த்தார். இரண்டு அறை, தண்ணீர்க் குழாய் உள்ளேயே. அப்பாவுக்கு பைகுல்லாவில் அச்சக வேலை, ஃபாஸ்ட் வண்டியில் போய்விடுவார். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ரிக்‌ஷா வேண்டும். ஆறாம் வகுப்பில் இருந்த நான், நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்னால் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "ஸ்டேஷன் ஜானா ஹை. கித்னா லேகா?" ஸ்டேஷனுக்குப் போகணும், எவ்வளவு கேட்பாய் என்று அர்த்தம். மாவாட்டிக்கொண்டே அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். நான்காவது நாள் தாளைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ரிக்‌ஷாக்காரர் கேட்ட மறுகேள்வி, "சுட்டா ஹை?" சில்லறை இருக்கிறதா என்றுதான் கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. அம்மா திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பிறகு ஐந்து மாதம் வாசலுக்கு வரும் காய்கறி வண்டியைத் தாண்டி அவள் போகவில்லை. பல் வலி வந்தபோது அப்பா வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை கிராம்பை அடக்கிக்கொண்டு கிடந்தாள்.

புதிய வீட்டில் சுகமாக இருக்கிறோம் என்று அப்பா ஊருக்குக் கடிதம் போட்டார். அதை எழுதியது நான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஹிந்தி பின்னால் வந்தது, மாடியிலிருந்த மராத்திக்கார அக்கா சொல்லிக் கொடுத்தார். தனியாக மாட்டுங்கா போகும் தைரியம் வந்தபோது அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது.

அதனால், 24,000 என்பது சம்பளத்தில் பாதி என்று எனக்கும் தெரிகிறது, அதைக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது. குர்லா கிழக்கு, கோவண்டி, காஞ்சூர்மார்க், கல்வா எல்லாம் பாருங்கள். பாண்டுப் மேற்கில் மலைச்சரிவில் ஏறிப் போகும் வீடுகள் மட்டும் வேண்டாம், அம்மாவின் காலுக்கு ஆகாது. ஒப்பந்தம் 11 மாதம்தான், தப்பாகப் போனால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாறும்போதெல்லாம் புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்பார்.

"ஸ்டேஷனிலிருந்து அஞ்சே நிமிஷம்" என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். வேலை நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு, பிளாட்பாரத்திலிருந்து வீட்டு வாசல் வரை நீங்களே நடந்து பாருங்கள், அம்மாவின் நடையில். ஸ்டேஷன் பாலத்தில் எத்தனை படி, வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கிலா மேற்கிலா, வழியில் விளக்கு இருக்கிறதா, மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடமா என்று பாருங்கள். பால் கடையும் மருந்துக் கடையும் எங்கே, தமிழ் பேசுகிற ஒரு வீடாவது உண்டா என்று விசாரியுங்கள்.

அம்மா ஊரிலிருந்து வருவதற்குள் எந்த வீட்டுக்கும் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். வந்ததும் இரண்டு மூன்று வீடுகளைக் காட்டுங்கள், ரிக்‌ஷாவில் வேண்டாம், ரயிலில் கூட்டிப் போய். அவர் என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள்.