கேமராவுக்கா காசு?

கேள்வி: ரோம் போயிருந்தபோது ஓட்டல் ரசீதில் 'காமெரா, 2 இரவு' என்று போட்டிருந்தார்கள். எங்களிடம் கேமராவே கிடையாது, மொபைல்தான். எதற்கு அந்தக் காசு? – வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் படுத்துத் தூங்கிய அறைக்குத்தான்! இத்தாலியனில் காமெரா என்றால் அறை. அங்கே கடையில் போய் காமெரா கேட்டால் முழிப்பார்கள், 'மாக்கினா ஃபோட்டோகிராஃபிகா' என்று நீட்டி முழக்க வேண்டும்.

லத்தீனில் 'கமெரா' என்றால் வளைந்த கூரை, அப்புறம் அந்தக் கூரை போட்ட அறை. இருட்டறையின் சுவரில் சின்ன ஓட்டை போட்டால் வெளியே போகிற ஆளும் மரமும் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும் இல்லையா, அதற்கு 'கமெரா அப்ஸ்க்யூரா', அதாவது இருட்டறை, என்ற பெயரை 1604-இல் வானியல் அறிஞர் கெப்ளர் எழுதினார். பிறகு அந்த அறை சுருங்கிச் சுருங்கிக் கையில் தூக்குகிற பெட்டியானது, பெயரில் இருட்டு உதிர்ந்துபோய் அறை மட்டும் மிச்சம்.

பிரெஞ்சுக்காரர் வாயில் அந்த லத்தீன் 'கமெரா' 'ஷாம்ப்ர்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'சேம்பர்' ஆனது. ஜெர்மனில் 'கம்மர்' என்றால் சின்ன அறை. ரஷ்யனில் 'காமெரா' என்றால் சிறைக் கொட்டடி, சைக்கிள் டியூபுக்கும் அதே பெயர்தான் (காற்று அடைத்து வைக்கிற அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்). கோர்ட் செய்தியில் வரும் 'இன் கேமரா' விசாரணையை வீடியோ எடுக்கிறார்கள் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், விஷயம் நேர் எதிர், கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் நடத்துவது அது.

எனக்குப் பிடித்தது ஸ்பானிஷ்காரர்களின் 'கமரடா'. ஒரே அறையில் தங்கும் சிப்பாய்கள் ஒருவரையொருவர் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள், அதுதான் 'காம்ரேட்'. தோழர் என்றால் ரூம்மேட், அவ்வளவுதான்! ஆனால் இத்தாலியில் ஒரு கம்யூனிஸ்டை 'கமெராட்டா' என்று கூப்பிட்டுவிடாதீர்கள், முசோலினி ஆட்கள் பிடித்துக்கொண்ட சொல் அது. இடதுசாரிகளுக்கு 'கொம்பாஞ்ஞோ', ரொட்டியைப் பங்கிட்டுக்கொள்கிறவன்.

சரி, நீங்கள் கும்பகோணம் ஆயிற்றே, பழைய வீடுகளில் 'காமரா உள்' என்று ஓர் அறையைச் சொல்வார்களே, கேட்டதில்லையா? போர்ச்சுகீசியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய அதே சொல்தான். இந்தியில் கம்ரா, சிங்களத்தில் காமரய.