பன்றியைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலில் இரண்டு கோஷ்டி. திருவிழாவுக்கு இரண்டு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. சரவாக்கில் தலைமுறை தலைமுறையாகத் தலை வெட்டிக்கொண்டிருந்த கூட்டங்களே ஒரு பன்றியை அறுத்துச் சட்டென்று சமாதானமாகிவிட்டார்களாம். படித்த நம்மால் ஏன் முடியவில்லை?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: “ஒரு பன்றி” என்று எழுதிவிட்டீர்கள். அந்தப் பிராணியின் உழைப்பை இதைவிடக் குறைத்துச் சொல்ல முடியாது.

சரவாக் இருக்கும் போர்னியோத் தீவின் காயான் பழங்குடி மக்களிடம் சடங்குப் பன்றிக்குத் தூதர் பதவி. கட்டிக் கிடத்திய பன்றியைத் தலைவர் கொள்ளிக்கட்டையால் லேசாகத் தொடுவார். பிறகு தன் கூட்டத்தார் மனதில் இருப்பதை அதனிடமே பேசுவார். அதைக் கொண்டுபோய் லாக்கி தெனாங்கான் என்ற பெரிய தெய்வத்திடம் சேர்ப்பது பன்றியின் பொறுப்பு. அறுத்த பிறகு ஈரலை எடுத்துப் பார்ப்பார்கள். பதில் அதில் வந்திருக்கும். குறி சரியில்லையென்றால் அடுத்த பன்றி.

நம் மண்டபக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பன்றி “நேரமின்மை காரணமாக” என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுவதில்லை. தன் நாற்காலி எந்த வரிசையில் என்று பார்ப்பதில்லை. முக்கியமாக, பொன்னாடை எதிர்பார்ப்பதில்லை. பொன்னாடையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் ஒரு சங்கத் தலைவர் ஏழு பக்கக் கண்டனம் அனுப்புகிறார். இந்த முறையும் அனுப்பட்டும். ஒருவர் இன்னொருவருக்குப் போர்த்துகிறார். அவர் அதை மடித்து வைத்திருந்து அடுத்த வாரம் தெலுக் இந்தானில் வேறொருவருக்குப் போர்த்துகிறார். அது கிள்ளான், செரம்பான் எல்லாம் சுற்றி, மடிப்புக் கலையாமல் முதல் ஆளின் தோளுக்கே திரும்பி வருகிறது. எல்லாருக்கும் மரியாதை நடந்துவிட்டது, யாருடைய பையிலிருந்தும் எதுவும் போகவில்லை. பன்றி கொடுத்தவன் வீட்டிலோ மறுநாள் ஒரு பன்றி குறைவு. கொடுத்தவனுக்கு வலித்தது என்று வாங்கியவன் கண்ணால் பார்க்கிறான். வழக்காற்றுச் சமாதானம் முழுவதும் இந்த ஆணியில்தான் தொங்குகிறது.

அடுத்தது உங்கள் “சட்டென்று”. நீங்கள் கேள்விப்பட்டது 1924 நவம்பரில் சரவாக்கின் காப்பிட்டில் நடந்ததாக இருக்கும். மேல் ராஜாங் ஆற்று இபான்களும், அன்றைய டச்சு போர்னியோவின் அப்போ காயானிலிருந்து வந்த கென்யா பழங்குடியினரும், சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா வைனர் புரூக் முன்னிலையில் பகை தீர்த்தார்கள். விழா சில நாள். அதற்கு முந்தைய கொலையும் பழியும் பேச்சும் பல ஆண்டு. 1894-இல் போர்னியோவில் இன்றைய இந்தோனேசியப் பகுதியான மத்திய கலிமந்தானின் தும்பாங் அனோயில் டமாங் பத்து என்ற தலைவர் தன் நீளவீட்டில் தாயாக் எனப்படும் பழங்குடிக் கூட்டங்களைக் கூட்டித் தலைவேட்டையை நிறுத்த ஒப்புக்கொள்ள வைத்தபோது, பேச்சு ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடியது. அத்தனை பேருக்கும் அத்தனை நாளும் சோறு போட்டாக வேண்டும். நம் ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பு கேட்கிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பாப்புவா நியூ கினியின் மேட்டுநிலத்துக்குப் போவது நல்லது. அங்கே நடுவர் என்பவர் பெரும்பாலும் இரு பக்கமும் சம்பந்தம் வைத்தவர். பெண் கொடுத்த வீடு ஒரு பக்கம், எடுத்த வீடு மறு பக்கம். இரண்டு எல்லைக்குள்ளும் உயிரோடு நடந்து போய் வர அவரால்தான் முடியும். முதலில் ‘பெல் கோல்’: வயிறு குளிரச் சில பன்றி, உணவு, கொஞ்சம் ரொக்கம். இது இழப்பீடு ஆகாது; உட்கார்ந்து பேசுவதற்கான அனுமதிச் சீட்டு. இதை முழுத் தொகை என்று ஒரு பக்கம் எண்ணிக்கொண்டால் அங்கேயே காரியம் கெட்டது. பிறகு இரு பக்கத்துச் சாவுகளையும் பெயர் பெயராக எண்ணுவார்கள். சண்டைக்கு வேரான கூட்டம், தனக்காக வந்து செத்த கூட்டாளிகளின் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். எதிரிக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கூட்டாளியை மறந்தால் நேற்றைய நண்பனோடு புதுச் சண்டை பிறக்கும். பன்றிகள் வீடு வீடாகச் சேரும். பட்டணத்தில் வேலை பார்ப்பவனும் பணம் அனுப்ப வேண்டும். கொடுக்கும் நாளில் வரிசையாக முளையடித்துக் கட்டி, ஊரே பார்க்க எண்ணுவார்கள். வாங்கியவர்கள் செத்தவனின் தாய்வழி உறவுக்கும் பங்கு வைக்க வேண்டும். தாய்மாமன் வெறுங்கையோடு திரும்பினால் கணக்கு தீரவில்லை என்று பொருள். மீதித் தவணை இழுத்துக்கொண்டே போனால், இளவட்டங்கள் மறுபடி ஆயுதத்தைத் தேடும்.

இது எல்லா இடத்திலும் வெல்கிறது என்று நான் கதைவிட மாட்டேன். 1990-ஐ ஒட்டி அதே மேட்டுநிலத்தின் எங்கா மாகாணத்தில் நவீனத் துப்பாக்கி நுழைந்தது. வில்லம்புக் காலத்தில் சாவு சிலதாக இருக்கும்போதே நடுவர் குறுக்கே வர இடம் இருந்தது. துப்பாக்கி ஒரே காலையில் ஊரிலுள்ள பன்றிகளை மிஞ்சும் சாவுகளைத் தந்துவிடுகிறது. 2024 பிப்ரவரியில் அந்த மாகாணத்து வாபெனமாண்டாவில் ஒரே மோதலில் பல பத்துப் பேர் செத்தார்கள். அதே நாட்டின் புகென்வில் தீவில் கதை வேறு. பாங்குனா செப்புச் சுரங்கத்தை ஒட்டி மூண்ட போரை, 1997 கடைசியிலிருந்து ஆயுதமில்லாத வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் பார்த்துக்கொள்ள, ஊர் ஊராக அம்பு முறித்தும் எதிரிகள் சேர்ந்து பாக்கு மென்றும் ஆற்றினார்கள். ஒப்பந்தம் 2001 ஆகஸ்ட் 30-இல்தான் கையெழுத்தானது. நாமும் வெற்றிலை பாக்கு மாற்றுகிற சாதிதான், நிச்சயதார்த்தத்தில் மட்டும்.

சோமாலி வழக்கில் ஓர் ஆண் உயிருக்கு நூறு ஒட்டகம், பெண்ணுக்கு ஐம்பது. இந்தப் பாதிக் கணக்கு எனக்குச் சம்மதமில்லை; வழக்காறு என்று சொன்னவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும். பயனுள்ள பகுதி வேறு: நூறையும் கொன்றவன் ஒருவன் கட்டுவதில்லை, அவன் கூட்டத்து ஆண்கள் எல்லாரும் பங்கு போடுகிறார்கள். அதனால் கோபக்காரனை முதலில் பிடித்து உட்கார வைப்பவன் சொந்தச் சித்தப்பன்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். ரப்பர் காலத்துத் தோட்டப் பஞ்சாயத்து செல்லுபடியானதற்குக் காரணம் பெரியவர்களின் ஞானம் என்று மேடையில் பேசுவார்கள். ஒரே லயம், ஒரே தண்ணீர்க் குழாய், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க ஒரே பெரட்டுக்களம் என்பதுதான் காரணம். தீர்ப்பை மீறியவன் மறுநாள் அதே முகங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். இன்று ஒரு கோஷ்டி தோட்டத்துக்கு வெளியே தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிவிட்டது, மறு கோஷ்டியில் பாதிப் பேர் சிங்கப்பூரில் வேலை. திருவிழாவுக்கு மட்டும் சண்டை போட வருகிறார்கள். இன்னொரு ஓட்டையும் இருந்தது. பஞ்சாயத்து போட்ட அபராதம் பல இடங்களில் கோயில் கணக்குக்குப் போகும், அடிபட்டவன் கையில் ஒன்றும் வராது. இபான் வழக்கில் ‘துங்கு’ என்ற அபராதம் பாதிக்கப்பட்டவனுக்குப் போகிறது. அவன் ஆவி திடப்படட்டும் என்று ஓர் இரும்புத் துண்டோ கத்தியோ கூடக் கொடுப்பார்கள். உங்கள் வழக்கில் அடிதடியே கோயிலுக்காக. அபராதத்தை எந்த உண்டியலில் போடுவீர்கள்?

ஊர் இரண்டுபட்டதில் இதுவரை லாபம் பார்த்தவர் நோட்டீஸ் அடித்த அச்சகக்காரர் மட்டும். அடுத்து வக்கீல் பார்ப்பார். கோயில் சங்கமாகப் பதிவாகியிருந்தால் அதற்குள் முந்திக்கொள்ளுங்கள்: யார் நிர்வாகி என்ற தகராறில், ஒரு மாதத்துக்குள் தீர்த்ததற்கு அல்லது வழக்குப் போட்டதற்கு ஆதாரம் கொண்டுவா என்று உத்தரவிடப் சங்கப் பதிவாளருக்கு மலேசியாவின் 1966 சங்கச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. கொண்டுவராவிட்டால் பதிவே போகலாம்.

ஆகவே தொகுதி மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.யைக் கூப்பிடாதீர்கள்; அவருக்கு இரண்டு கோஷ்டியின் ஓட்டும் வேண்டும், இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுப் போவார். இரு பக்கமும் சம்பந்தம் வைத்த இருவரைத் தேடுங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. முதல் நாள் யார் குற்றவாளி என்று பேச வேண்டாம். கோயில் சாவி, ரசீதுப் புத்தகம், வங்கிக் கையெழுத்து மூன்றையும் அந்த இருவரிடம் ஒப்படைப்பதுதான் உங்களுக்குப் பெல் கோல். பிறகு அவரவர் மனக்குறையைத் தனித்தனியாகக் கேட்டு எழுதட்டும், காசு எவ்வளவு என்பதையும் சேர்த்து. யார் யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். 2012-ஆம் ஆண்டு சமரசச் சட்டத்தின்படி சமரசம் நடந்திருந்தால் அந்தத் தாள் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். தொகையைத் தலைவர் ஒருவர் சொந்தப் பையிலிருந்து எடுத்து நீட்டக் கூடாது. கோஷ்டியில் ஒவ்வொரு வீடும் இருபது வெள்ளியாவது போடட்டும். சிங்கப்பூர்க்காரர்கள் அந்த நாட்டு வெள்ளியிலேயே போடலாம்.