மயோர்க்கா மலைச் சாலைகளில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், வடமேற்குக் கரையை ஒட்டிச் சுமார் 90 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கிறது ட்ரமுண்டானா மலைத்தொடர். வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, அங்கே கடலோரத்திலிருந்து மலைமேல் ஏறும் சா கலோப்ரா சாலையின் ஏற்றத்தைப் பற்றியவை. அந்தச் சாலையில் எப்படி இறங்குவது என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் நீளமான பதில்.

என் சைக்கிளில் பல்சக்கரங்கள் முன்னால் 52/36 பல், பின்னால் 11-28 பல். சா கலோப்ரா ஏற இது போதுமா?

ஏறிவிடலாம், ஆனால் முழங்கால் பேசும். ஏற்றம் 9.4 கி.மீ., சராசரிச் சரிவு 7 சதவீதம். உங்கள் ஆகக் குறைந்த கியர் 36/28. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.7 கி.மீ. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், 7 சதவீதச் சரிவில் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 180 வாட் தேவை. அதை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

இப்போது 34/34 வைத்துப் பாருங்கள். அதே 60 சுற்றுக்கு 7.6 கி.மீ. வேகம், 140 வாட். கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். சின்ன கியர் சோம்பேறிகளுக்கு என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மெதுவாகப் போகும் வசதி இல்லாதவர்தான் பாதி வழியில் காலை ஊன்றுகிறார்.

கேசட்டை (பின் பல்சக்கரத் தொகுதியை) மட்டும் மாற்றினால் ஆயிற்று என்று எண்ண வேண்டாம். பின் டிரெய்லரில் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) செயினைத் தாங்கும் கூண்டு குட்டையா நெட்டையா என்று பாருங்கள். உதாரணமாக ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கூண்டு 30 பல் வரைக்கும்தான், நெட்டைக் கூண்டு 34 வரை. செயினும் நீளமாக வேண்டும். டிரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் செயினைச் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு ஜோடிக் கண்ணி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பழைய செயினையே போட்டுவிட்டு, களைப்பில் பெரியதுக்குப் பெரியது மாற்றினால் செயின் விறைத்து டிரெய்லரைப் பிடுங்கிக்கொண்டு போகும். மலைக்கு நடுவில் அதற்கு மருந்து கிடையாது.

வாடகை வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பிரேக் பிடி. இந்தியாவிலும் பிரிட்டனிலும் பொதுவாக வலக்கைப் பிடி முன் சக்கரத்துக்கு. ஐரோப்பியக் கண்டத்தில் இடக்கைதான் முன் பிரேக். வளைவில் பதறி, பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை அழுத்தினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கேபிள் பிரேக் என்றால் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லலாம். ஹைட்ராலிக் (திரவத்தால் இயங்குவது) என்றால் குழாயைக் கழற்றிக் காற்றெடுக்கும் வேலை இருப்பதால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சாலையின் பக்கம். அங்கே வலப்பக்கம்தான் போக வேண்டும், ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் தவறு நேராது. காபி குடித்துவிட்டு ஆளில்லாத சாலையில் மறுபடி கிளம்பும் முதல் நிமிடத்தில்தான் பழக்கம் நம்மை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

என் சக்கரத்தில் கார்பன் ரிம், பிரேக்கும் ரிம்மைப் பிடிக்கும் வகை. சா கலோப்ராவில் இறங்கலாமா?

இந்தச் சாலை கடலில் முடிகிறது. திரும்பிவர அதே வழிதான். படகில் போய்ச் சேர்ந்தாலொழிய இறங்காமல் ஏற முடியாது. ஆகவே உங்கள் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

உச்சியான கோல் டெல்ஸ் ரெய்ஸ் 682 மீட்டர். அங்கிருந்து கடல்மட்டம் வரை 85 கிலோ இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 570 கிலோஜூல். ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். நேர்ப்பகுதிகளில் வேகமாகப் போனால் அதில் கணிசமான பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்திலேயே இழுத்துப் பிடித்தால் காற்றின் பங்கு சொற்பம், ஏறத்தாழ முழுச் சூடும் ரிம்மில் இறங்கும். அலுமினியம் அந்தச் சூட்டைப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் ஓரிடத்திலேயே தேக்கிவைக்கும். பசைப்பொருள் இளகி, உள்ளே காற்றழுத்தமும் ஏறி, ரிம்மின் விளிம்பு வெளியே பிதுங்கும். லேட்டெக்ஸ் ட்யூபும் இந்தச் சூட்டுக்கு ஆகாது, வழக்கமான பியூட்டைல் ரப்பர் ட்யூபைப் போடுங்கள்.

என் தீர்ப்பு: அலுமினியச் சக்கரத்தோடு போங்கள், அல்லது டிஸ்க் பிரேக் வண்டியை வாடகைக்கு எடுங்கள். எந்த பிரேக்கானாலும் முறை ஒன்றுதான். வளைவுக்கு 30 மீட்டர் முன்பே இரண்டையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். தொடர்ந்து லேசாக உரசிக்கொண்டே வருவதுதான் மிக மோசம். டிஸ்க்கில் அப்படிச் செய்தால் பேட் கண்ணாடிபோல் வழவழத்துக் கத்தத் தொடங்கும், பிடிப்பும் போகும். கை மரத்தால் நிறுத்திவிட்டு நிற்பதில் வெட்கமில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் 26. காலை பத்துக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். பேருந்து வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும், உங்களுக்கு மிச்சம் இருக்காது. எட்டரைக்குள் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. சாலையில் ஆடுகளும் நிற்கும். மணியடித்தால் நகராது.

எந்த மாதம்? காற்று அதிகம் என்கிறார்களே?

மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரை, மறுபடி செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். பாதாம் பூப்பதைப் பார்க்கும் ஆசை இருந்தால் பிப்ரவரி, ஆனால் மலைமேல் விரல் விறைக்கும்.

காற்று இரண்டு வகை. மலைக்குப் பெயர் தந்த ட்ரமுண்டானா வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று, சில சமயம் நாட்கணக்கில் அடிக்கும். அன்றைக்குத் தீவின் வடகோடியான ஃபோர்மெந்தோர் முனைப் பக்கம் தலைவைக்காதீர்கள், ஆழமான ரிம் சக்கரத்தோடு கட்டாயம் வேண்டாம். பாறை இடுக்கைத் தாண்டும் கணத்தில் முன் சக்கரத்தைத் திருப்பிவிடும். மற்றது எம்பாட் என்ற கடற்காற்று. வெயில் ஏறிய நாட்களில் மதியத்திலிருந்து மாலை வரை கடலிலிருந்து தீவின் நடுப்பகுதியை நோக்கி வீசும். கரையோர ஊர்களான பால்மாவிலோ அல்குடியாவிலோ தங்கி, சமவெளிக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்புகிறவருக்குக் கடைசி 20 கி.மீ. எதிர்காற்றுதான். சீக்கிரம் கிளம்புங்கள்.

நான் சைவம். தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் என்ன வழி?

பொயென்சாவிலிருந்து சா கலோப்ரா போகிறவர்கள் யுக் மடாலயத்தில் குழாய்த் தண்ணீர் பிடிக்கலாம். அருகே கோல் டெ சா பட்டாயா கணவாயில் பெட்ரோல் பங்க்கும் காபிக் கடையும் உண்டு. ஏற்றத்தின் அடியில் கடற்கரையில் கடைகள் இருக்கின்றன. அங்கே இரண்டு பாட்டிலையும் நிரப்பாமல் ஏறாதீர்கள், நடுவில் ஒரு சொட்டுக் கிடையாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல கடைகள் மூடிக்கிடக்கும்.

எல்லோரும் புகழும் சுருள் ரொட்டியான என்சைமாதாவின் பெயரிலேயே விடை இருக்கிறது. ‘சைம்’ என்றால் பன்றிக் கொழுப்பு. அதைத் தடவித்தான் மாவைச் சுருட்டுகிறார்கள். பாதாம் கேக்கான ‘கட்டோ’வில் முட்டை உண்டு, பெரும்பாலும் மாவுகூட இராது. சுத்த சைவம் என்றால் ‘பா அம்ப் ஒலி’ கேளுங்கள்: ரொட்டி, தேய்த்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு. மேலே ஹாம் அடுக்கித் தருவதுதான் வழக்கம் என்பதால், பாலாடைக்கட்டி போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உப்பும் மாவும் எண்ணெயும் ஒன்றாகக் கிடைப்பதால் ஏற்றத்துக்கு இனிப்பு ஜெல்லைவிட வயிற்றுக்கு இதமானது.

ஏற்றம் மட்டும் போதாது, பழைய சின்னங்களும் பார்க்க வேண்டும். எந்தச் சாலை?

மா-10. அந்த்ராட்ச்சிலிருந்து பொயென்சா வரை மலைத்தொடரின் முதுகிலேயே போகும். ஒரே நாளில் முடிக்க அவசரப்படாமல் சோயெரில் இரவு தங்குங்கள். பான்யால்புஃபார் ஊருக்குச் சற்று முன்பே பாறை விளிம்பில் வெர்ஜெர் கோபுரம். கடற்கொள்ளையர் வருகிறார்களா என்று பார்க்க 1579இல் கட்டியது, சாலையோரத்திலேயே நிற்கிறது. கீழே கடல்வரை படிப்படியாக இறங்கும் வயல்களைத் தாங்குபவை சாந்து பூசாத கற்சுவர்கள். 2011இல் யுனெஸ்கோ இம்மலையை உலக மரபிடமாக ஏற்றபோது இந்த உழைப்பைத்தான் ‘பண்பாட்டு நிலவெளி’ என்றது.

சா கலோப்ரா சாலையையும் ஒரு சின்னமாகவே பாருங்கள். அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் 1930களின் தொடக்கத்தில் வகுத்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே, சரிவைக் கூட்டாமல் இறங்க இடம் போதாத ஓரிடத்தில், சாலையை 270 பாகை சுற்றித் தன் அடியிலேயே நுழையவிட்டார். ‘டை முடிச்சு’ என்று பெயர். இறங்கும்போது அதை நிமிர்ந்து பார்க்கிற வேலை வேண்டாம், ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கு வேண்டுமா? நான் பகலில்தான் ஓட்டுவேன்.

வேண்டும். மா-10இலும் ஃபோர்மெந்தோர் சாலையிலும் சுரங்கங்கள் உண்டு. வெயிலிலிருந்து நுழைந்ததும் சில நொடிகள் கண் தெரியாது, பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அப்படித்தான். கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பின்விளக்கை எரியவிட்டு நுழையுங்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

பால்மாவிலிருந்து சோயெருக்குச் சுரங்கம் வழியே போனால் மலை ஏற வேண்டாமாமே?

சைக்கிளுக்கு அதில் அனுமதி இல்லை. பழைய கணவாய்ச் சாலைதான், உச்சி 497 மீட்டர், வண்டிகள் குறைவு. இறங்கிச் சோயெர் துறைமுகத்துக்குப் போனால் 1913 முதல் ஓடும் டிராமின் தண்டவாளம் குறுக்கே வரும். சாய்வாகக் கடந்தால் 28 மி.மீ. டயர் பள்ளத்தில் விழும். செங்கோணத்துக்கு நெருக்கமாக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.