நண்பர் தன்னைக் 'குயர்' (queer) என்கிறார், நானும் அவரை அப்படிக் கூப்பிடலாமா?

கூப்பிடக் கூடாது, அவரே சரி என்று சொன்னாலொழிய. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களைத் திட்டப் பயன்பட்ட சொல் அது. 1990-இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிக்கொண்டிருந்தவர்கள் 'குயர் நேஷன்' என்றே அமைப்பு தொடங்கி அதைத் தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள், இப்போது பல்கலைக்கழகங்களில் பாடப் பெயராகவும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டபடி அடிவாங்கிய மூத்தவர்கள் சிலருக்கு இன்றும் அது ஆகாது. 'குயர் இயக்கம்' என்று பொதுவாக எழுதுங்கள், தப்பில்லை. 'அவன் ஒரு குயர்' என்பது வேறு கதை.

அப்புறம், நண்பர்கள் குழுவில் யாராவது தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் "நிஜமாவே நீ அப்படியா?" என்று நோண்டாதீர்கள், வீட்டுக்குத் தெரியாமல் இருப்பவராக இருக்கலாம். யாராவது வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்று இழுப்பதுதான் எரிச்சலைக் கிளப்பும்.